ஒரு மீட்டர் படகில் நிஜ நீராவி: எந்த எஞ்சின், எந்த பாய்லர்?

இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில் விக்டோரியா காலத்துப் பணக்காரர்கள் ஓட்டிய நீராவிப் படகுகள் பல இன்னும் உயிரோடு இருக்கின்றன. நீளமான, ஒல்லியான மர உடல், நடுவில் பாய்லர், அதன் பின்னால் எஞ்சின். பாய்லர் நீராவியைச் செம்புக் குழாய் வழியாக ஒரு கெண்டிக்குள் விட்டு, சில நொடிகளில் தேநீருக்கு வெந்நீர் போட்டுக்கொள்ளும் வசதியும் அவற்றில் உண்டு. நாற்பது அடிப் படகு ஒன்றைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் சுமார் ஒரு மீட்டர் வரும். அகலம் 20 செ.மீ.க்குள், எல்லாம் ஏற்றிய எடை 7 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இதற்குள் உண்மையாகவே ஓடும் எஞ்சினையும் பாய்லரையும் வைக்க வேண்டும் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது?

பெரும்பாலானோர் முதலில் எஞ்சினை வாங்கிவிட்டு, அதற்கு ஏற்ற பாய்லரைப் பிறகு தேடுகிறார்கள். எனக்கு இந்த வரிசையே தவறாகப் படுகிறது. படகில் இடத்தையும் எடையையும் தின்பது பாய்லர்தான். அது நிமிடத்துக்கு எவ்வளவு நீராவி தரும் என்று தெரியாமல் எஞ்சினை முடிவு செய்யவே கூடாது.

சரி, எஞ்சின்களைப் பார்ப்போம். ஒரு பக்கம் ஸ்லைடு வால்வு எஞ்சின்; இதில் சறுக்கி நகரும் ஒரு வால்வு, நீராவியைச் சிலிண்டருக்குள் விட்டு வெளியேற்றும். இந்த வகையில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் ஸ்டூவர்ட் 10வி. தேம்ஸ் கரையில் ஹென்லி ஊரில் இயங்கிய ஸ்டூவர்ட் டர்னர் நிறுவனத்தின் வடிவமைப்பு இது. வார்ப்புகளாக வாங்கி லேத்தில் கடைந்து முடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒற்றைச் சிலிண்டர்; துளையும் (சிலிண்டரின் உள்விட்டம்) வீச்சும் (பிஸ்டன் நகரும் தூரம்) முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. மறுபக்கம் ஆடும் சிலிண்டர் எஞ்சின். இதில் தனியாக வால்வு கிடையாது. சிலிண்டரே ஒரு முளையில் இப்படியும் அப்படியும் ஆடும். ஆடும்போது அதன் முகத்தில் உள்ள ஓட்டை, உள்வழிக்கும் வெளிவழிக்கும் மாறி மாறி நேராக வரும். பாகங்கள் குறைவு, பழுதும் குறைவு.

ஆடும் சிலிண்டர் என்றதும் பொம்மை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. 1858-இல் நீரில் இறங்கிய கிரேட் ஈஸ்டர்ன் கப்பலின் துடுப்புச் சக்கரங்களைச் சுழற்றியவை ஆடும் சிலிண்டர்கள்தாம்! நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 74 அங்குலத் துளை, 14 அடி வீச்சு. ஆடும் சிலிண்டரின் உண்மையான குறை வேறு. சிலிண்டர் முகத்தை ஒரு ஸ்பிரிங்தான் அழுத்திப் பிடித்திருக்கிறது. அழுத்தம் ஏறினால் முகம் தூக்கிக்கொண்டு நீராவி கசியும். ஸ்பிரிங்கை இறுக்கினால் உராய்வு கூடும். ஆகவே 2 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தத்தை ஒட்டியே இது நிம்மதியாக ஓடும். ஸ்லைடு வால்வு அப்படியல்ல, நீராவி அழுத்தமே வால்வை அதன் இருக்கையில் அமர்த்தி வைக்கும். பாய்லரிலிருந்து தண்ணீர் கலந்து வந்துவிட்டால்கூட அந்த வால்வு கொஞ்சம் எழும்பித் தண்ணீரை வெளியே விட்டுவிடும், எஞ்சின் பிழைக்கும்.

ஆனால் படகுக்கு இதையெல்லாம்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: கரையிலிருந்து ரேடியோவில் நிறுத்தினால், மறுபடி தானாகக் கிளம்புமா? ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் வளைந்த தண்டு) உச்சியிலோ அடியிலோ நின்றுவிட்டால் கையால் ஃப்ளைவீலைத் தள்ளினால்தான் ஓடும். ஏரியின் நடுவில் யார் தள்ளுவது? பிஸ்டனின் இருபுறமும் நீராவி தள்ளும், கிராங்குகள் 90 டிகிரி விலகிய இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் கிளம்பும்; திருப்பும் அமைப்பு இருந்தால் பின்னோக்கியும் போகும். 10வி-க்கு அண்ணன் போல அதே அளவில் இரட்டைச் சிலிண்டர் ஸ்டூவர்ட் டி10 இருக்கிறது. சின்ன இரட்டை ஆடும் எஞ்சின்களும் இருக்கின்றன. அவற்றில் உள்வழியையும் வெளிவழியையும் இடம் மாற்றினாலே சுழற்சி திரும்பிவிடும். நிறுத்த, வேகம் மாற்ற, பின்னால் போக மூன்றுக்கும் ஒரே சர்வோ (ரேடியோ கட்டளைக்கு அசையும் சிறு மோட்டார்) போதும்.

இப்போது கணக்கு. 10வி ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 கன செ.மீ. நீராவி விழுங்கும். 2 பார் அழுத்தத்தில், வீச்சு முழுக்க நீராவி நுழைவதாக வைத்தால், 1000 சுற்று வேகத்தில் நிமிடத்துக்கு 18 கிராம் தண்ணீர் ஆவியாக வேண்டும். டி10 என்றால் 36 கிராம். 10 மி.மீ. துளையும் 12 மி.மீ. வீச்சும் உள்ள இரட்டைச் சிலிண்டர், இப்படி இருபுறமும் நீராவி தள்ளும் வகையாக இருந்தும், அதே வேகத்தில் 6 கிராம்தான் கேட்கும். வழியில் குளிர்ந்து வீணாவதைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் படகு நடை வேகத்தில் போகச் சில வாட் சக்தி இருந்தால் போதும். அதைச் சின்ன இரட்டை தாராளமாகத் தரும். டி10 அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது இந்தப் படகுக்கு இரண்டு அளவு பெரிய பசி.

பாய்லருக்கு வருவோம். படுக்கை வகையா, நிற்கும் வகையா? நிற்கும் பாய்லர் தளத்தில் குறைந்த இடம் பிடிக்கும். பித்தளைத் தொப்பியோடு நிமிர்ந்து நிற்கும் புகைபோக்கி கண்ணுக்கு விருந்து. பழைய படகுகள் சிலவற்றில் அதுவே இருந்ததால் அசலுக்கும் பொருந்தும். ஆனால் எடை மேலே போகிறது. தண்ணீரோடு 2.2 கிலோ உள்ள பாய்லரின் எடை மையம் 4 செ.மீ. உயர்ந்தால், 7 கிலோ படகின் மையம் 1.2 செ.மீ.க்கு மேல் உயரும். இவ்வளவு ஒல்லியான படகில் அது பெரிய இழப்பு, திரும்பும்போது சாய்ந்துகொண்டே போகும். படுக்கை பாய்லரில் தண்ணீர் தளும்புமே என்று கவலைப்படுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு: 18 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம் உள்ள நீர்ப்பரப்பு தளும்புவதால் இதே படகில் நிலைத்தன்மை குறைவது, எடை மையம் ஒன்றரை மி.மீ. உயர்வதற்குச் சமம்தான். தளும்பலுக்குப் பயந்து உயரத்தை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

வெப்பத்திலும் படுக்கை வகையே மேல். நடுவில் அகலமான குழாய், அதற்குள்ளே கேஸ் சுடர், சுற்றிலும் தண்ணீர். மரத்துக்கோ ஃபைபருக்கோ சுடர் நேராகப் படாது. நிற்கும் பாய்லரில் அடுப்பு அடியில், படகின் தரைக்குப் பக்கத்தில் எரியும். கவசத் தகடு கட்டாயம். எது வாங்கினாலும் செம்பாக, சில்வர் சோல்டர் வைத்துப் பற்றியதாக இருக்கட்டும். அந்தப் பற்று உருக 600 டிகிரிக்கு மேல் வேண்டும். ஈயப்பற்று 200 டிகிரியை ஒட்டியே இளகிவிடும், தண்ணீர் தீர்ந்த பாய்லரில் அது ஆபத்து. இயங்கும் அழுத்தத்தைப் போல இரு மடங்கு தண்ணீர் அழுத்தத்தில் சோதித்த பாய்லரை மட்டும் ஏற்றுங்கள். பிரிட்டிஷ் கிளப்புகளில் அழுத்தத்தையும் கொள்ளளவையும் பெருக்கினால் 3 பார்-லிட்டருக்குள் வரும் பாய்லர்களைத் தனி வகையாக, எளிய சோதனை முறையில் நடத்துகிறார்கள். ஒரு மீட்டர் படகுக்கு அந்த வரம்பே போதும்.

எரிபொருளில் நீண்ட யோசனை வேண்டாம். நிலக்கரிக்கு ஆள் வேண்டும். ஸ்பிரிட் விளக்கின் சுடர் பகலில் கண்ணுக்கே தெரியாது, படகு ஆடினால் சிந்தும். மாத்திரை எரிபொருளைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. நம் திருவிழாக் கடைத் தகரப் படகின் விளக்கு முறை அந்த அளவோடு நிற்பதே நல்லது. மிச்சம் பியூட்டேன் கேஸ். அது காற்றைவிட இரு மடங்கு கனம், கசிந்தால் படகின் அடியில் தேங்கும். பற்றவைக்கும் முன் மூடியைத் திறந்து காற்றாட விடுவதைத் தவிர்க்கவே முடியாது. ஆவியாகும்போது தொட்டி குளிர்ந்து அழுத்தம் விழும். அதனால் குளிர்காலத்தில் புரோப்பேன் கலந்த கேஸ் நல்லது.

கேஸ் தொட்டியின் அளவில் ஒரு பழைய விதி உண்டு: தண்ணீருக்கு முன் கேஸ் தீர வேண்டும். சுடரின் வெப்பத்தில் பாதிதான் தண்ணீருக்குப் போகிறது என்று வைத்தால், 10 கிராம் தண்ணீரை ஆவியாக்க 1 கிராமுக்குச் சற்று மேல் கேஸ் செலவாகும். சுடர்க் குழாய் மூழ்கியிருக்கும்படி செலவழிக்கக்கூடிய தண்ணீர் 300 மி.லி. என்றால், தொட்டியில் 30 கிராம் கேஸுக்கு மேல் நிரப்பாதீர்கள். சின்ன இரட்டை எஞ்சின் அதில் முக்கால் மணி நேரத்தை நெருங்கும். 10வி கால் மணி நேரத்தில் கரைக்கு வந்துவிடும்.

ஆக, என் தேர்வு: படுக்கை கேஸ் பாய்லர், இரட்டை ஆடும் சிலிண்டர். ஒன்றரை மீட்டர் நீளமும் அகலமான வயிறும் உள்ள இழுவைப் படகு கட்டுகிறவருக்கு டி10-ஐயே சொல்வேன், அங்கே பெரிய பாய்லருக்கும் நீரேற்றும் பம்புக்கும் இடம் இருக்கும்.

எந்த எஞ்சினாக இருந்தாலும் வெளியேறும் நீராவியில் சிலிண்டர் எண்ணெய் கலந்துவரும். அதைப் பிடிக்க ஒரு சிறு தொட்டியைப் புகைபோக்கிக்கு முன் வையுங்கள், இல்லாவிட்டால் ஏரியில் எண்ணெய் படரும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அதைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்பதால், பாய்லரைக் கழற்றாமல் கை எட்டும் இடமாகப் பாருங்கள்.