லோகோவுக்குக் கிளியா, ‘ழ’வா?

எங்கள் அகராதிச் செயலிக்கு லோகோ என்ற பேச்சு வந்ததும் இரண்டு யோசனைகள் மிஞ்சின. ஒன்று, கிம்ப்பில் (படத்தைப் பிக்சல் புள்ளிகளாக வரையும் மென்பொருள்) நிழலும் நிறமுமாக வரைந்த கிளி. மற்றது, இங்க்ஸ்கேப்பில் (கோடுகளாலும் வடிவங்களாலும் வரையும் மென்பொருள்) ஒற்றை நிறத்தில் ‘ழ’. ‘ழ’வை எடுத்தோம். இன்று யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

கிளியின் வசீகரத்தை மறுக்க முடியாது. லினக்ஸ் இயங்குதளத்தின் சின்னமான பென்குயின் டக்ஸை லாரி யூயிங் 1996இல் வரைந்ததும் கிம்ப்பில்தான். பெரிதாக்கினால் புள்ளிகளாலான பிஎன்ஜி படம் மங்கும், இங்க்ஸ்கேப்பில் சேமிக்கும் எஸ்விஜி படம் மங்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

என் கணக்கில் முடிவு செய்வது பராமரிப்பு. உலாவித் தாவலுக்கு 16 பிக்சல், பிளே ஸ்டோருக்கு 512 என்று ஆளாளுக்கு ஓர் அளவு கேட்பார்கள். 2017இல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது ஐகானின் பின்னணியும் முன்னணியும் தனித்தனி அடுக்காயின. 108 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) சதுரத்தின் நடுவே 66 டிபிக்குள் இருப்பதுதான் எந்தப் போனிலும் வெட்டுப்படாது. அடுக்குகளைத் தனித்தனியாக வைத்திருக்கும் கிம்ப்பின் எக்ஸ்சிஎஃப் மூலக்கோப்பு பத்திரமாக இருந்தால் கிளி தப்பிக்கும். பிஎன்ஜி மட்டும்தான் மிச்சம் என்றால் கிளியைப் பின்னணியிலிருந்து நறுக்கியெடுக்க வேண்டும், ஓரத்தில் பழைய நிறம் ஒட்டிக்கொண்டே வரும். ‘ழ’வைச் சிறிதாக்கி நடுவில் வைத்தால் போதும். எஸ்விஜி உள்ளே வெறும் உரைதான் என்பதால் நிறம் மாற்ற டெக்ஸ்ட் எடிட்டரே போதும். எந்த வரி மாறியது என்பதைக் கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் (Git) காட்டிவிடும். வரைந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டாலும் புதிதாகச் சேர்ந்தவர் செய்துவிடலாம். சம்பளமில்லாமல் நடக்கும் திட்டத்துக்கு இது பெரிய நிம்மதி.

‘ழ’விலும் வேலை உண்டு. எழுத்துருவில் இருப்பதை அப்படியே 16 பிக்சலுக்குச் சுருக்கினால் கீழ்ச்சுழியின் உள்வெளி அடைபட்டு வெறும் திட்டாகிவிடும். அதற்கென்றே கோட்டை மெலிதாக்கி, சுழியை அகட்டி, தனிக் கோப்பு வைத்திருக்கிறோம். இங்க்ஸ்கேப்பில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கட்டளை கொடுத்து எழுத்தை வடிவமாக்கிய பிறகே சேமியுங்கள். இல்லையென்றால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேறொரு ‘ழ’ வந்து நிற்கும்.

கிளியையும் இங்க்ஸ்கேப்பில் வரையலாமே என்றால், தாராளமாக வரையலாம். ஆனால் இறகும் நிழலும் 16 பிக்சலில் தங்காது.

அச்சில் என் அனுபவம் ஸ்டிக்கரோடு சரி. அதில் ஒற்றை நிறம் சுத்தமாக விழுந்தது. சட்டையில் எம்பிராய்டரி போடுவதாக இருந்தால் தைப்பவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கான விளையாட்டுச் செயலி என்றால் நானும் கிளி பக்கம்தான், வரைபவர் கடைசிவரை கூடவே இருப்பார் என்ற உறுதி இருந்தால்.