தண்டையார்பேட்டையில் கார் நிறுத்த இடமில்லை: தூத்துக்குடி விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுத்த நாலு வருடம்

எங்கள் தெருவில் ஒரு ஆட்டோ நின்றால் இன்னொரு ஆட்டோ போக முடியாது. கார் வாங்கினால் எங்கே விடுவது என்று விசாரித்தபோது, ஒரு காலி மனையில் மாதம் 2,500 ரூபாய் வாடகை சொன்னார்கள். கூரை கிடையாது. பக்கத்திலேயே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை. அங்கே நிற்கும் வண்டிகளின் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு புழுதி. நாங்கள் ஊருக்குப் போவதோ வருடத்துக்கு இரண்டு தடவை, மிஞ்சினால் மூன்று. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு கார் ஆசையை மூட்டை கட்டினேன். 2022 பங்குனியிலிருந்து தூத்துக்குடியில், பெரும்பாலும் விமான நிலையத்தில், செல்ஃப் டிரைவ் கார் எடுத்து ஓட்டுகிறேன். இதுவரை ஒன்பது தடவை, மூன்று வேறு வேறு ஆட்களிடம்.

அப்பா உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை போட்டவர். இங்கே நாங்கள் அண்ணாச்சி, ஊருக்குப் போனால் மெட்ராஸ்காரன். குலதெய்வம் செம்மணல் தேரிக்காட்டுக்குள் இருக்கிற சாஸ்தா. பங்குனி உத்திரத்துக்குப் போகாவிட்டால் அம்மா வருடம் முழுக்கச் சொல்லிக் காட்டுவாள். அன்றைக்கு நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் அவரவர் சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பியிருக்கும். ஆட்டோவும் கிடைக்காது, டாக்சியும் கிடைக்காது. முத்துநகர் எக்ஸ்பிரஸிலும் செந்தூர் எக்ஸ்பிரஸிலும் வெயிட்டிங் லிஸ்ட் நீண்டு கிடக்கும். சென்னையிலிருந்தே ஓட்டிக்கொண்டு போகலாம்தான், ஆனால் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். தாம்பரம் தாண்டுவதற்குள்ளேயே எனக்குப் பாதி உயிர் போய்விடும்.

மெட்ரோ வந்தது பெரிய உதவி. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டினார்கள் அல்லவா, அதிலிருந்து தண்டையார்பேட்டையில் ஏறினால் எங்கும் மாறாமல் சென்னை விமான நிலையத்திலேயே இறங்கலாம். ஐந்து பேர், நாலு பை, ஒரு தூக்குவாளி. முன்பெல்லாம் இங்கிருந்து மீனம்பாக்கம் போவதே ஊருக்குப் போவது மாதிரி.

தூத்துக்குடி விமான நிலையம் என்று பெயர், இருப்பது வாகைக்குளத்தில். 2025 ஜூலையில் புது முனையம் திறந்திருக்கிறார்கள். நான் பெரும்பாலும் இறங்கியது பழைய கட்டடத்தில். அங்கே பெரிய ஊர் மாதிரி கார் கவுண்டர் என்று எதையும் எதிர்பார்த்துப் போகவேண்டாம். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் போன் அடிக்கும். "அண்ணாச்சி, வந்துட்டியளா? வெள்ள வண்டி, கேட்டுக்கு வெளிய நிக்கேன்." வண்டியைக் கொண்டுவந்த தம்பியைப் போகிற வழியில் பஸ் நிற்கிற இடத்தில் இறக்கிவிட வேண்டும், அதுவும் நம் வேலைதான். முதல் தடவை மடியில் பையோடு ஆறு பேரும் நெருக்கி உட்கார்ந்து போனோம்.

பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கடைசியாக ஒரு ஸ்விஃப்ட் எடுத்தேன். நாளுக்கு 2,300 ரூபாய், 300 கிலோமீட்டர் வரை. அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 9 ரூபாய். திரும்பக் கிடைக்கும் அட்வான்ஸ் 5,000. விமான நிலையத்துக்கே கொண்டுவந்து தர 500 தனி. பெட்ரோல் எந்த அளவில் தருகிறார்களோ அந்த அளவில் திருப்ப வேண்டும். ரயிலில் போய்த் தூத்துக்குடி டவுனில் எடுத்தால் அந்த 500 மிச்சம், டிக்கெட்டிலும் பெரிய மிச்சம். மூன்று தடவை அப்படித்தான் செய்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகுதான் விமானம்.

வண்டியைப் பார்த்ததும் முதலில் நம்பர் பலகையைப் பாருங்கள். முறைப்படி வாடகைக்கு விடும் செல்ஃப் டிரைவ் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை என்றால் ஓன் போர்டு, யாரோ தன் சொந்த வண்டியை விடுகிறார் என்று அர்த்தம். நாளுக்கு நானூறு ஐநூறு குறைவாகக் கிடைக்கும். ஒரே ஒரு தடவை அப்படி எடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சொந்த உபயோகத்துக்கு என்று இன்ஷூரன்ஸ் போட்ட வண்டியை வாடகைக்கு விட்டு, அது எங்காவது மோதினால், வண்டிச் சேதத்துக்குக் கம்பெனி பணம் தர மறுக்கலாம். அப்போது வண்டிக்காரர் நம் சட்டையைத்தான் பிடிப்பார். மூன்று நாளும் அதையே நினைத்துக்கொண்டு ஓட்டினேன். கோயிலில் கும்பிட்டது பாதி அந்த வண்டிக்காகத்தான்.

அடுத்தது வீடியோ. தம்பி அவசரப்படுத்துவான், வெயில் வேறு கொளுத்தும், பிள்ளைகள் "ஏசி போடுப்பா" என்று கத்தும். இருந்தாலும் வண்டியை ஒரு முழுச் சுற்று, நிறுத்தாமல் ஒரே வீடியோ. நாலு ரிம், பம்பரின் கீழ் ஓரம், கண்ணாடியின் பின்பக்கம், டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியும் ஜாக்கியும், கடைசியில் மீட்டரும் பெட்ரோல் முள்ளும். வீடியோவில் தம்பியின் குரலும் இருக்கட்டும். "இந்தக் கோடு பழசுதானே தம்பி?" "ஆமா அண்ணாச்சி, அது பழசு." இந்த ஒரு வரி எனக்கு ஒரு தடவை 4,000 ரூபாயைக் காப்பாற்றியிருக்கிறது. வண்டியைத் திருப்பிக் கொடுத்து இரண்டு நாள் கழித்து, இடது பின் ரிம்மில் கீறல் என்று வாட்ஸ்அப்பில் படம் வந்தது. அட்வான்ஸில் கழித்துக்கொள்கிறோம் என்றார்கள். பதிலுக்கு அந்த வீடியோவை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பேச்சே இல்லை. மறுநாள் 5,000 முழுதாக வந்து சேர்ந்தது. அதோடு அந்த ஆளிடம் எடுப்பதை விட்டேன்.

ஃபாஸ்டேக் விஷயத்தில் நான் ஏமாந்தது வேறு மாதிரி. டேக் வண்டிக்காரருடையது, சுங்கச்சாவடியில் அவர் கணக்கில் கழியும், கடைசி பில்லில் நம்மிடம் வாங்கிக்கொள்வார். ஒரு தடவை கன்னியாகுமரி வரை போனபோது டேக்கில் காசே இல்லை. பின்னால் ஆம்னி பஸ் ஹாரன் அடிக்கிறான், வண்டிக்காரர் போனை எடுக்கவில்லை. இரண்டு மடங்கு கட்டிவிட்டுப் போனேன். அந்தக் கூடுதல் பாதியைத் தர மாட்டேன் என்றே சொல்லிவிட்டார். அப்புறம்தான் தெரிந்தது, வண்டி நம்பரும் டேக் கொடுத்த வங்கியும் தெரிந்தால் எந்த வண்டியின் டேக்கிலும் நம் யுபிஐ ஆப்பிலிருந்தே பணம் போடலாம். இப்போதெல்லாம் கிளம்பும் முன்பே 300 ரூபாய் போட்டு, அந்த ரசீதைப் பில்லில் கழிக்கச் சொல்கிறேன். சம்மதிக்கிறார்கள்.

சரி, இப்போது என் தப்பு.

தேரிக்காடு பார்க்காதவர்களுக்கு: குங்குமத்தில் கொஞ்சம் மஞ்சள் கலந்த மாதிரிச் சிவந்த மணல், மேடும் பள்ளமுமாக, நடுவில் பனையும் முந்திரியும். கோயிலுக்குக் கொஞ்ச தூரம் முன்பே தார் ரோடு முடிந்துவிடும். எல்லாரும் அங்கே வண்டியை விட்டுவிட்டு நடப்பார்கள். இரண்டாவது வருடம், அம்மாவால் நடக்க முடியாது என்று, சித்தப்பா மகன் பேச்சைக் கேட்டு டிராக்டர் போன தடத்திலேயே விட்டேன். இருநூறு அடி போயிருக்கும். முன் சக்கரம் இரண்டும் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. ஆக்சிலேட்டரை இன்னும் மிதித்தேன். வண்டி முன்பக்கமாகக் குனிந்து மண்ணில் வயிறு வைத்துப் படுத்துவிட்டது.

நுங்கு வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அரிவாளோடு வந்தார். "ஏ, மிதிக்காத! மிதிச்சா உள்ளதான் போவும். இறங்கு முதல்ல." சக்கரத்துக்கு முன்னால் இருந்த மண்ணைக் கையாலேயே அள்ளிப் போட்டார். காய்ந்த பனையோலைகளை மட்டையோடு இழுத்துவந்து இரண்டு சக்கரத்துக்கும் அடியில் செருகினார். வால்வில் ஒரு முள்ளைக் குத்தி, முன் டயர்களில் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கினார். "ரெண்டாம் கியரு. உறுமப்படாது." நாலு பேர் பின்னாலிருந்து தள்ள, ஓலை நொறுங்குகிற சத்தத்தோடு வண்டி மேலே ஏறி வந்தது. காசு நீட்டினேன், வாங்கவில்லை. "நுங்கு பத்து வாங்கிட்டுப் போ" என்றார். இருபது வாங்கினேன். அப்புறம் அரை டயரோடு உருட்டி உருட்டி உடன்குடி வந்து காற்று அடித்தோம்.

வண்டியைத் திருப்பும்போது அந்தச் சிவப்பு மண் காட்டிக்கொடுத்தது. சீட் இடுக்கில், ஏசி துவாரத்தில், டிக்கியில், எங்கு பார்த்தாலும் மண். கழுவ 800 கேட்டார்கள், நியாயம். இன்ஜினுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டும் உடைந்திருந்தது. அதற்கு 3,400. இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்றேன். அடிப்பாகம், டயர், ரிம், கிளட்ச் எதற்கும் அதில் இடமில்லை என்று நான் கையெழுத்துப் போட்ட தாளையே காட்டினார்கள். படித்திருந்தால்தானே! பேசிப் பேசி 2,500-க்குக் கொண்டுவந்தேன். இதில் அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை, தேரிக்குள் வண்டியை விட்டது நான். சித்தப்பா மகன் பாதி தருகிறேன் என்றான், இன்னும் தரவில்லை.

திருப்பிக் கொடுக்கும் நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து சென்னைக்கு ஒன்றை விட்டால் இன்னொன்று என்று அடுக்கடுக்காக விமானம் இல்லை. பங்கில் பெட்ரோல் போட்ட ரசீது, மீட்டர் படம், இரண்டையும் அங்கேயே அனுப்பிவிடுங்கள். ஒரு தடவை வண்டியை வாங்கிக்கொள்ள வேண்டிய தம்பி முக்கால் மணி நேரம் தாமதம். வீட்டுக்காரியையும் அம்மாவையும் பிள்ளைகளையும் உள்ளே அனுப்பிவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டில் நின்றேன். கடைசி ஆளாகத்தான் ஏறினேன்.

திரும்பி வந்த பிறகும் ஒரு மாதம் கணக்கு முடியாது. வேகமாகப் போனதற்கு கேமரா எடுத்த இ-சலான் வண்டிக்காரர் பெயருக்குப் போய், அங்கிருந்து நமக்கு வரும். எனக்கு மூன்று வாரம் கழித்து ஒன்று வந்தது. தேதி, நேரம் பார்த்தேன், ஓட்டியது நான்தான். கட்டிவிட்டேன். கேரளா பக்கம் போகிற எண்ணம் இருந்தால் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், பர்மிட் விஷயம் வேறு. நாங்கள் போனதில்லை.

இப்போது எடுப்பது மூன்றாவது ஆளிடம். நாலு வண்டி மட்டும் வைத்திருக்கிறார், போன் போட்டால் அவரே எடுக்கிறார். பங்குனி உத்திரத்துக்கு வண்டி வேண்டுமென்றால் மாசி பிறக்கும்போதே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கிடைக்காது. நான் இந்தத் தடவை தை கடைசியிலேயே கூப்பிட்டேன். பெயரைச் சொன்னதும் சிரித்தார்.

"தேரிக்குத்தானே அண்ணாச்சி? தரையில பழைய சாக்கு விரிச்சுத் தாரேன். வண்டிய மட்டும் தார் ரோட்டுல விட்ருங்க."

அம்மாவுக்கு ஒரு சக்கர நாற்காலி எடுத்துப் போகலாமா என்று யோசித்தோம். மணலில் அதுவும் புதையும் என்கிறாள் அம்மா.