ஹட்டன் ‘கோட்டைகளும் அரண்களும்’ வேதபாட வகுப்பு: எங்கே நிமிர்கிறது, எங்கே சறுக்குகிறது

‘அரண்களை இடிக்கும் ஜெபம்’ என்று நோட்டீஸ் ஒட்டினால் மலையகத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். ஆனால் வேதாகமத்துக் கோட்டை எப்படிக் கட்டப்பட்டது, எதை நம்பி நின்றது, எதனால் விழுந்தது என்று உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிற இடம் குறைவு. ஹட்டன் நகரில் ஒரு சபை நடத்தும் இந்த ஆறு சனிக்கிழமை வகுப்பு அந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கிறது. கட்டணம் 1,500 ரூபா. 48 பக்கக் கையேடு, ஏ3 அளவில் இரண்டு வரைபடங்கள், இடைவேளைத் தேநீர் எல்லாம் அதற்குள் அடக்கம். நேரம் பிற்பகல் 2 முதல் 4.30 வரை. எந்தச் சபையைச் சேர்ந்தவர்களும் வரலாம்.

வகுப்பின் பெரிய பலம், மதிலிலிருந்து தொடங்காமல் தண்ணீரிலிருந்து தொடங்குவது. முதல் நாளே கார்ட்போர்ட் அட்டைகளை அடுக்கி எருசலேமின் மேடுபள்ளத்தைச் செய்யவைக்கிறார்கள். ஓர் அட்டை 10 மீற்றர் உயரம் என்று கணக்கு. ஒலிவமலை 800 மீற்றரைத் தாண்டி நிற்கும். ஆலயம் நின்ற மேடு ஏறக்குறைய 740. தாவீது ராஜா பிடித்த, சீயோன் எனப்பட்ட எபூசியரின் (அங்கே முன்பு குடியிருந்தவர்கள்) கோட்டை அதற்கும் கீழே, தெற்கே இறங்கும் ஒடுங்கிய முகட்டில் இருந்தது. சீயோன் என்றால் வானளாவிய சிகரம் என்று நினைத்து வந்தவர்கள் இங்கே நிதானிக்கிறார்கள். ‘பர்வதங்கள் எருசலேமைச் சுற்றிலும் இருக்குமாப்போல்’ என்ற 125ஆம் சங்கீதம், சுற்றிவர மலை நிற்கும் ஊரில் பிறந்தவர்களுக்கு விளக்கமே இல்லாமல் விளங்கிவிடுகிறது.

அவ்வளவு தாழ்வான இடத்தை ஏன் தெரிந்தெடுத்தார்கள்? கிழக்குச் சரிவின் அடியில் கீகோன் ஊற்று இருக்கிறது. ஊற்று பள்ளத்தில், வீடுகள் முகட்டில். மதிலை மேலே கட்டினால் தண்ணீர் வெளியே போய்விடும். கீழே கட்டினால் எதிரி எதிர்ச்சரிவில் நின்று கல்லெறிவான். இந்தச் சிக்கலை அட்டை மாதிரியில் விரலால் தொட்டுப் பார்த்த பிறகு 2 சாமுவேல் 5ஐ வாசிக்கச் சொல்கிறார்கள். தாவீதின் ஆட்கள் சாலகத்தின் (தண்ணீர் செல்லும் வழி) வழியாய் ஏறிக் கோட்டையைப் பிடித்த கதை அப்போது சாகசமாகத் தெரிவதில்லை. கோட்டையின் உயிர்நாடியிலேயே கைவைத்த செயலாகத் தெரிகிறது. 1867இல் சார்ல்ஸ் வாரன் கண்டுபிடித்த செங்குத்துக் குழிதான் தாவீதின் படைத்தலைவன் யோவாப் ஏறிய வழி என்று பழைய விளக்கவுரைகள் சொல்லும். 1995க்குப் பிந்திய அகழ்வுகள் அதைக் கேள்விக்குள்ளாக்கியதையும் கையேடு மறைக்காமல் எழுதியிருக்கிறது. பாராட்ட வேண்டிய நேர்மை இது.

ஆனால் அதே கையேடு, ஜனங்கள் ஆர்ப்பரித்ததும் மதில் விழுந்த எரிகோவின் பாடத்தில், ‘தொல்லியல் யோசுவா 6ஐ நிரூபித்துவிட்டது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. கத்லீன் கென்யன் 1952 முதல் 1958 வரை அங்கே தோண்டி, அந்த நகரத்தின் அழிவை ஏறக்குறைய கி.மு. 1550, அதாவது யோசுவாவின் காலத்துக்கு முன்பே என்று கணித்தார். அந்தக் காலக்கணிப்பை மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் சொன்னால் விசுவாசம் குறைந்துவிடாது. பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகள் நாளைக்கு வேறு இடத்தில் இதைக் கேட்டு அதிர்வதைவிட இங்கேயே கேட்பது நல்லது. அடுத்த அச்சில் திருத்தியே ஆக வேண்டும்.

மூன்றாம் வாரம் யூதாவின் அரணான பட்டணம் லாகீஸ். ஆறு வகுப்புகளில் இதுவே உச்சம். கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின் அரணான பட்டணங்களைப் பிடித்துக்கொண்டு வருகிறான். 46 பட்டணங்கள் என்று அவனுடைய கல்வெட்டே கணக்குச் சொல்கிறது. லாகீசின் தென்மேற்கு மூலையில் மதிலை எட்ட அவன் போட்ட முற்றுகைச் சாய்தளம் இன்றும் இருக்கிறது. இதை வகுப்பில் 2 அடிக்கு 3 அடிப் பலகைத் தட்டில், ஈர ஆற்றுமணலும் பொடிக்கல்லும் கொண்டு செய்துபார்க்கிறார்கள். செங்கல் மூன்றை அடுக்கினால் அதுதான் மதில். உலர்ந்த மணல் போட்ட குழுவின் மேடு சரிந்துவிடும். மணலை மட்டும் ஈரமாக்கிக் குவித்தால் நிற்கும், ஆனால் முற்றுகை வண்டிக்குப் பதிலாகச் சில்லு வைத்த பெட்டியை ஏற்றினால் புதையும். அடியில் கல், மேலே அடித்து இறுக்கிய மண் என்று போட்டால்தான் பெட்டி ஏறும். சரிவை இலேசாக்கினால் நீளம் கூடும். நீளம் இரண்டு மடங்கானால் சுமக்க வேண்டிய கல்லும் மண்ணும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தேயிலை மலையில் கல்கட்டு கட்டிப் பழகியவர்கள் இருக்கும் குழுதான் எப்போதும் முதலில் முடிக்கும்.

பிறகு சனகெரிப்பின் நினிவே அரண்மனைச் சிற்பங்களின் படத்தைக் காட்டுகிறார்கள். மதிலின் மேலிருந்து தீப்பந்தங்கள் விழுகின்றன; முற்றுகை வண்டிக்குள் நிற்கும் சிப்பாய் நீண்ட அகப்பையால் வண்டிமேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறான். அந்த ஒரு அகப்பையைப் பார்த்தாலே முற்றுகை எவ்வளவு பொறுமையான வேலை என்பது புரிந்துவிடும். ஆவிக்குரிய பாடத்தையும் இங்கேதான் கட்டுகிறார்கள்: அரண் ஒரு கூச்சலில் விழுவது எரிகோவில் நடந்தது, மற்ற இடங்களில் கல் கல்லாகச் சுமந்துதான் விழுந்தது.

நான்காம் வாரத்தில் சனகெரிப் வந்தபோது யூதாவை ஆண்ட எசேக்கியாவின் எருசலேமையும் அவனுக்கு முந்திய ராஜா ரெகொபெயாமின் 15 அரணான பட்டணங்களையும் ஒன்றாகத் திணித்திருப்பது தவறு. ரெகொபெயாமுக்கு அரை மணிநேரம் போதும்: 2 நாளாகமம் 11இல் கட்டுகிறான், 12இல் எகிப்தின் ராஜா சீஷாக் வந்து பிடிக்கிறான், இடையில் ஜனங்கள் கர்த்தருடைய வேதத்தை விட்டுவிட்டார்கள். எசேக்கியாவுக்கோ முழு வகுப்பும் வேண்டும். கீகோன் தண்ணீரை மதிலுக்குள் கொண்டுவந்த 533 மீற்றர் நீளச் சுரங்கக் கால்வாய், இரண்டு முனையிலிருந்தும் வெட்டி நடுவில் சந்தித்ததைச் சொல்லும் சீலோவாம் கல்வெட்டு, நாமான் அவிகாத் கண்டெடுத்த 7 மீற்றர் தடிப்பான மதில். அந்த மதில் வீடுகளின் மேலேயே போகிறது. மதிலை அரணாக்க வீடுகளை இடித்தீர்கள், குளத்துக்கு வழிசெய்தீர்கள், ஆனால் இதைச் செய்தவரை நோக்கவில்லை என்று ஏசாயா 22 கடிந்துகொள்வது இந்த மதிலையும் தண்ணீரையும் வைத்துத்தான். இப்படி ஒரு வசனத்தை அவசரமாகத் தாண்டிப் போனது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஐந்தாம் வாரம் தாவீது. கேகிலாவுக்குள் அவன் போனதும், வாசலும் தாழ்ப்பாளும் உள்ள பட்டணத்தில் அடைபட்டான் என்று அவனைத் துரத்திய சவுல் ராஜா மகிழ்கிறான். ஊரார் காட்டிக்கொடுப்பார்கள் என்று கர்த்தர் சொன்னதும் தாவீது வெளியேறி, வனாந்தரத்திலுள்ள அரணான இடங்களுக்குப் போகிறான். இதோடு கண்டியையும் சேர்த்துப் பேசுகிறார்கள். கணவாய்களையே அரணாகக் கொண்டு 1638இல் கன்னொறுவையில் போர்த்துக்கேயரை முறியடித்த இராச்சியம், 1815இல் உள்ளே பிளவுபட்டு ஆங்கிலேயர் கையில் போனது. கடைசி மன்னரை வேலூர்க் கோட்டையில் கொண்டுபோய் வைத்தார்கள். பொருத்தமான உதாரணம், அளவோடும் நின்றது.

ஆறாம் வாரத்தில் 2 கொரிந்தியர் 10. 4ஆம் வசனத்தோடு நிறுத்தாமல் 5ஐயும் சேர்த்து வாசிக்கவைக்கிறார்கள். பவுல் இடிக்கச் சொல்லும் அரண்கள் தர்க்கங்கள், தேவனை அறிகிற அறிவுக்கு விரோதமாய் எழும்பும் மேட்டிமை. ஊர்மேல் உட்கார்ந்திருக்கும் ஆவியைப் பெயர்சொல்லி விரட்டுகிற பயிற்சியை இந்தப் பகுதியின்மேல் ஏற்றாமல் விட்டது மிகச் சரியான தீர்மானம். கையேட்டில் நான்கு பத்தி கொண்ட தாள் ஒன்று இருக்கிறது: எண்ணம், அதைத் தாங்கும் காரணம், அதற்கு எதிர்நிற்கும் வசனம், இந்த வாரம் செய்வது. உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள். ‘எங்கள் குடும்பமே குடித்த குடும்பம், என்னால் விட முடியாது’ என்பது எண்ணம். ‘அப்பன், தாத்தா வழியில் வந்தது’ என்பது காரணம். திராட்சக்காய் தின்ற பிதாக்களைப் பற்றிய பழமொழியை இனிச் சொல்லவேண்டாம் என்ற எசேக்கியேல் 18 எதிர்வசனம். சம்பள நாளன்று கடைவீதிக்குத் தனியே போகாமல் ஒருவரைத் துணைக்கு அழைப்பது செயல்.

தாளில் வரும் பிழைகள் மூன்று. தன்னுடையதை விட்டுப் புருஷனுடைய, மாமியாருடைய அரணை எழுதுவது; ‘பாவம்’ என்று பொதுவாக ஒரே சொல்லை எழுதுவது; நான்காம் பத்தியை வெறுமையாக விடுவது. குழுவில் எட்டுப் பேர் இருந்தால் யாரும் மனம்விட்டு எழுத மாட்டார்கள். மூன்று பேர் போதும். ஆண்களும் பெண்களும் தனித்தனியே இருக்க வேண்டும். இதை நடத்துகிறவர்கள் கவனிக்கவில்லை.

சில்லறை விஷயங்கள். வரைபடம் போட்டோகொப்பி எடுத்தது, உயரக்கோடுகள் மங்கிவிட்டன. கலர் பென்சிலோடு போய் முதல் நாளே அந்தக் கோடுகளைத் தீட்டிக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் புரொஜெக்டர் நின்றுவிடும், லாகீஸ் சிற்பப் படங்களையாவது தாளில் அச்சடித்து வைத்திருக்கலாம். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் போகிறவர்கள் மழைக்காலத்தில் கேள்வி நேரத்துக்கு முன்பே எழும்ப வேண்டியிருக்கிறது. 1 மணிக்கே தொடங்கினால் நல்லது.

இன்னொரு குறை, புதிய ஏற்பாட்டுக்கு ஒதுக்கிய நேரம். அப்போஸ்தலர் 21இல் எருசலேம் கோட்டையின் படிகளில் நின்று பவுல் பேசுவதைத் தொடவே இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அரண்களை இடிப்பதைப் பற்றி எழுதிய அதே பவுல், அடுத்த அதிகாரத்தின் முடிவிலேயே, தமஸ்குவில் ஒரு ஜன்னல் வழியாகக் கூடையில் வைத்து மதிலிலிருந்து இறக்கிவிடப்பட்டுத் தப்பியதைச் சொல்கிறார். 10:1 முதல் 11:33 வரை சத்தமாக வாசிக்கப் பத்து நிமிடமும் ஆகாது. அடுத்த பிரிவினருக்கு ஆறாம் வகுப்பை அந்த வாசிப்போடு தொடங்க வேண்டும், பத்திகள் உள்ள தாளை அதற்குப் பிறகுதான் கையில் கொடுக்க வேண்டும்.