டிஎன்டி போட்டும் லோன் கால் நிற்கவில்லையா? புகார் வீணாகும் இடங்களும், டிராய் பெயரில் வரும் மோசடியும்

"டிஎன்டி போட்டு வருஷமாச்சு, இன்னமும் தினம் நாலு லோன் கால் வருது" என்று புலம்பாதவர்கள் குறைவு. டிஎன்டி, அதாவது விளம்பரக் கால் வேண்டாம் என்று நம் எண்ணைப் பதியும் வசதி, வேலை செய்யாதது இதற்குக் காரணம் அல்ல. டிஎன்டி கட்டுப்படுத்துவது முறையாகப் பதிவு செய்துகொண்ட டெலிமார்க்கெட்டர்களை மட்டும்தான். அவர்களுடைய விளம்பரக் கால் 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்து வர வேண்டும். நம் உயிரை வாங்குவதோ சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்கள். கமிஷனுக்கு லோன் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்டுகள் கையில் நாலைந்து சிம் வைத்துக்கொண்டு அடிக்கிற கால்கள் அவை. பத்து இலக்க எண்ணை இப்படி விற்பனைக்குப் பயன்படுத்துவதே விதிமீறல். டிஎன்டி பட்டியலை அவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர்களை அடக்குவது புகார்தான், அந்தப் புகாரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் டிஎன்டி. 1909-க்கு கால் செய்யலாம், அல்லது ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்' என்று தட்டி, ஓர் இடம் விட்டு 0 போட்டு அதே 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். 0 என்றால் எல்லா வகை விளம்பரத்துக்கும் தடை. வங்கி, இன்சூரன்ஸ் விளம்பரத்துக்கு 1, ரியல் எஸ்டேட்டுக்கு 2 என்று வகை வகையாகவும் எண்கள் உண்டு. முழுத் தடை போட்டால் ஓடிபியும் பேங்க் மெசேஜும் நின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம், அவை விளம்பரக் கணக்கில் வராது. இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

இப்போது புகார். கால் வந்த 7 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 பிப்ரவரியில் விதியைத் திருத்துவதற்கு முன்பு இது 3 நாளாக இருந்தது. பதிவு செய்யாத எண்கள் மீது புகார் கொடுக்க இப்போது டிஎன்டி போட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1909-க்கு அனுப்பும் எஸ்எம்எஸ்ஸில் என்ன கால் என்று ஒரு வரி, கமா, அழைத்த எண், கமா, தேதி, அவ்வளவுதான். டிராயின் டிஎன்டி ஆப்பில் கால் பட்டியலிலிருந்தே எண்ணைத் தேர்ந்தெடுக்கலாம்.

தள்ளுபடியாகும் புகார்களில் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கோளாறுகள்தான். ரெண்டு சிம் போனில் கால் வந்தது ஒரு சிம்முக்கு, புகார் போனது இன்னொன்றிலிருந்து. அப்படியானால் உங்கள் எண்ணுக்கு அந்தக் கால் வந்ததாக மொபைல் கம்பெனியின் பதிவில் இருக்காது. 'தொல்லை கால்' என்று மட்டும் எழுதினால், அது வணிகக் கால்தான் என்பதற்கு எதுவும் இல்லை. "பெர்சனல் லோன் விற்பனை, இன்ன வங்கியின் பெயரைச் சொன்னார்" என்று எழுதுங்கள். கோபத்தில் கால் பட்டியலை அழித்துவிட்டு அப்புறம் எண்ணையும் தேதியையும் உத்தேசமாகப் போடுகிறவர்களும் உண்டு. வாட்ஸ்அப் கால் 1909-இன் எல்லைக்குள் வராது, அதை அந்த ஆப்பிலேயே ரிப்போர்ட் செய்து பிளாக் செய்ய வேண்டும்.

ஒரே புகாரில் எண் முடங்கிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே. ஒரே ஆள் மீது 10 நாளில் 5 பேரிடமிருந்து புகார் சேரும்போதுதான் நடவடிக்கைக்கான அளவு தொடப்படுகிறது. முதல் தடவை 15 நாள் அவுட்கோயிங் முடக்கம். மறுபடி பிடிபட்டால் அவர் பெயரில் எல்லா மொபைல் கம்பெனியிலும் உள்ள எல்லா இணைப்பும் ஓராண்டுக்குத் துண்டிப்பு. ஏஜென்டுக்கு வலிப்பது இந்த ரெண்டாவதுதான், ஏனென்றால் புது சிம் மாற்றித் தப்ப முடியாது. அதனால் பிளாக் செய்வதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் புகார் ஐந்தாவதாக இருக்கலாம்.

காலை எடுத்துவிட்டால் என்ன பேசுவது என்பதும் முக்கியம். "ஹலோ" சொன்ன பிறகு ரெண்டு மூன்று விநாடி மௌனம் இருந்தால் அது டயலர் மென்பொருள். இருக்கிற ஆட்களைவிட அதிக எண்களுக்கு ஒரே நேரத்தில் அடித்து, எடுப்பவரை ஓய்வாக இருக்கும் ஆளுக்கு இணைக்கும். ஆள் இல்லாவிட்டால் கட் ஆகும், எடுத்ததும் துண்டிக்கும் கால்களில் பல இப்படி வருபவைதான். பேசி முடித்ததும் அந்த ஆள் திரையில் ஒரு முடிவைக் குறிக்க வேண்டும். நீங்கள் மரியாதைக்கு "இப்போ மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பண்ணுங்க" என்றால் 'கால்பேக்' என்று விழும், டயலர் திரும்பவும் அடிக்கும். எடுக்காவிட்டாலும் 'பதில் இல்லை' என்று மறு சுற்றுக்குப் போகும். "வேண்டாம். என் எண்ணை டூ நாட் கால்ல போடுங்க. எந்த பேங்குக்காகப் பேசுறீங்க?" என்று கேட்டு, பதில் வந்ததும் வைத்துவிடுங்கள். அந்த வங்கிப் பெயர் புகாருக்கு உதவும்.

லோன் ஒப்பீட்டு ஆப்களில் "எவ்வளவு கிடைக்கும் என்று பார்ப்போம்" என எண்ணைக் கொடுப்பதுதான் கால் மழைக்குப் பெரிய வாசல். கீழே சின்ன எழுத்தில் 'டிஎன்டி இருந்தாலும் எங்கள் கூட்டாளிகள் அழைக்கச் சம்மதம்' என்ற வரிக்கு டிக் ஏற்கெனவே போட்டிருக்கும், அதை எடுத்துவிட்டுத் தொடருங்கள். நடந்துகொண்டிருக்கும் பரிவர்த்தனைக்காகக் கொடுத்த சம்மதம் இப்போது 7 நாள்தான் செல்லும்.

பணம் போவது பெரும்பாலும் கிரெடிட் கார்டில். "லைஃப்டைம் ஃப்ரீ சார், ஓடிபி மட்டும் சொல்லுங்க" என்பது வாய்ப்பேச்சு. விண்ணப்பத்தில் முதல் ஆண்டு மட்டும் இலவசம் என்று இருக்கும். 499 ரூபாய் ஆண்டுக் கட்டணம் 18% ஜிஎஸ்டியோடு 588.82 ஆகப் பில்லில் நிற்கும்போதுதான் தெரியவரும். முக்கிய நிபந்தனைகள் அடங்கிய எம்ஐடிசி தாளை மெயிலில் வாங்கிப் படிக்காமல் சம்மதம் சொல்லாதீர்கள். சம்மதமே இல்லாமல் கார்டு கொடுத்துப் பில் போட்டால், கட்டணத்தைத் திருப்புவதோடு அதைப்போல் இரு மடங்கு அபராதமும் வங்கி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 உத்தரவு. கார்டு விற்பனைக்குக் காலை 10 முதல் மாலை 7 வரைதான் அழைக்கலாம் என்பதும் அதிலேயே உள்ளது. வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், உதவி எண் 14448.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, இந்தத் தொல்லையை நிறுத்துபவராக நடிப்பவர். "டிராயிலிருந்து பேசுகிறோம், உங்கள் எண்ணிலிருந்து சட்டவிரோத விளம்பரம் போயிருக்கிறது, 2 மணி நேரத்தில் எல்லா எண்ணும் துண்டிக்கப்படும், 9-ஐ அழுத்துங்கள்" என்று பதிவுக் குரல் வரும். அழுத்தினால் போலி போலீஸ் அதிகாரி வீடியோ காலில் வருவார். டிராய் யாருக்கும் கால் செய்து இணைப்பைத் துண்டிப்பதாகச் சொல்வதில்லை. சேவையைச் சரிசெய்கிறேன் என்று *401* போட்டுப் பத்து இலக்க எண்ணை அடிக்கச் சொன்னால், உங்கள் கால்கள் அந்த எண்ணுக்குத் திரும்பும், வங்கி ஓடிபியைக் குரலில் சொல்லும் காலும் சேர்ந்தே போகும். இந்தக் குறுக்கெண் வழியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. இருந்தாலும் சந்தேகம் வந்தால் *#21# அடித்துப் பாருங்கள், திருப்பிவிடல் இருந்தால் ##002# எல்லாவற்றையும் ரத்து செய்யும்.

இப்படி மோசடிக் கால் வந்து, பணம் போகவில்லை என்றால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' பகுதியில் 30 நாளுக்குள் பதியுங்கள். பணம் போயிருந்தால் சக்ஷு உதவாது, உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. அனுப்பிய பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். அந்தப் பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க முடிகிறதா என்பது நீங்கள் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.