ஒரே மான், மூன்று பாணி: வார்லி, மதுபனி, கோண்டு

ஒரு ஏ3 தாள். மரத்தடியில் மான், கிளையில் இரண்டு கிளிகள். இதையே மூன்று நாட்டுப்புறப் பாணிகளிலும் வரைந்து பார்த்தேன்.

வார்லி ஒரே மதியத்தில் முடிந்துவிட்டது. மகாராஷ்டிரத்தின் பால்கர் பக்கத்துப் பழங்குடியினர் செம்மண் பூசிய சுவரில் அரிசி மாவைக் கரைத்துத் தீட்டுவது இது. நம் மாக்கோலமும் காவியும் ஞாபகத்துக்கு வரும். வெள்ளையைத் தவிர வேறு நிறம் இல்லை, சில கோடுகளில் விலங்கு ஓட ஆரம்பித்துவிடும். மான் கூட்டம் என்றால் இதுதான் சரி. ஒற்றை மானுக்கோ தாள் வெறிச்சென்று கிடந்தது.

மதுபனியில் வெற்றிடமே ஆகாது. பீகாரின் மிதிலை வட்டாரத்தில் சுவரில் இருந்த இந்த ஓவியம், 1960களின் வறட்சிக்குப் பிறகு விற்பனைக்காகத் தாளுக்கு வந்தது. உருவத்துக்கு இரட்டைக் கோடு, அவற்றின் நடுவே சின்னச் சின்னக் குறுக்குக் கீற்று. மீன், ஆமை, கிளி எல்லாம் கல்யாண அறைச் சுவரில் வரைந்து பழகியவை, அதனாலோ என்னவோ என் கிளிகள் இதில்தான் அழகாக வந்தன. மான்தான் பார்டருக்கும் பூக்களுக்கும் நடுவே காணாமல் போனது. (முதல் தாள் பாழ். கோட்டின் மை காயும்முன் ஈரத் தூரிகையை வைத்துவிட்டேன்.)

கோண்டுக்கு மூன்று சாயங்காலம் ஆனது. மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கர் கிராமத்துக் கோண்டு பழங்குடி ஓவியர் ஜன்கர் சிங் ஷியாம், 1980களில் போபாலின் பாரத் பவன் கலை மையத்துக்கு வந்து, சுவரில் இருந்ததைத் தாளிலும் கேன்வாஸிலும் ஏற்றினார். முதலில் உடம்பை ஒரே வண்ணத்தில் தட்டையாகப் பூச வேண்டும். ஆக்ரிலிக் வண்ணம் போதும். நன்றாகக் காய்ந்தபின் மெல்லிய தூரிகையால் புள்ளி, கீற்று, செதில் என்று நிரப்பலாம். தேர்ந்த ஓவியர்கள் தங்களுக்கென்றே ஒரு கீற்று வைத்திருப்பார்கள். கீற்று உடம்போடு வளைய வேண்டும்: கழுத்தில் இறங்கி, வயிற்றில் திரும்பி. நான் முதலில் நேராக இழுத்தேன், மான் கோரைப்பாய் மாதிரி ஆனது.

ஆனாலும் மானுக்கு நான் கோண்டைத்தான் எடுப்பேன். மற்ற இரண்டிலும் மானை வரைந்து, அப்புறம் மரத்தைத் தனியாக வரைந்தேன். இதில் கொம்பே கிளைவிட்டு மரமாகிவிடுகிறது, இலைகள் அதிலிருந்தே முளைக்கின்றன. கிளிகளுக்கு மட்டும் வேறு தாள் எடுத்து வைத்திருக்கிறேன். அது மதுபனிதான்.