நெடுந்தீவுக்குப் போனால் ஓர் இரவு தங்குங்கள்

நெடுந்தீவுக்கு நான் முதலில் போனது, யாழ்ப்பாண நகரத்தில் இருந்து ஆட்களைச் சேர்த்துக் கூட்டிப்போகும் ஒரு சுற்றுலாக்காரருடன். விடிய வான் வண்டியில் ஏற்றினார், தீவில் மூன்று மணித்தியாலம் ஓட ஓடக் காட்டினார், குதிரை, மரம், கோட்டை என்று படம் எடுத்துக்கொண்டு மத்தியானப் படகில் திரும்பிவிட்டோம். அவ்வளவு காசு கொடுத்தும் அந்தத் தீவைப் பார்த்த மாதிரியே இல்லை. இந்தத் தடவை நானும் மனைவியும் தனியாகப் போனோம், ஓர் இரவு தங்கினோம். இரண்டும் வேறு வேறு பயணங்கள் என்றுதான் சொல்வேன்.

பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு வழியாகப் பஸ்ஸில் குறிகட்டுவான் போய்ச் சேரக் கிட்டத்தட்ட ஒன்றரை மணித்தியாலம். இறங்குதுறையில் நயினாதீவுக்குப் போகிற கூட்டம்தான் அதிகம், அந்த வரிசையில் தெரியாமல் நின்றுவிடாதீர்கள். நெடுந்தீவுப் படகு ஒரு மணித்தியாலம் ஓடும். அரிசி மூட்டை, எரிவாயுச் சிலிண்டர், மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும் ஆட்கள் என்று தீவின் வாழ்க்கையே அதில்தான் போய் வருகிறது, அதனால் வயதானவர்களுக்கு இருக்க இடம் விட்டுக் கொடுங்கள். 1985 மே 15 அன்று இதே கடல்வழியில்தான் குமுதினிப் படகில் வந்த சனங்களை, குழந்தைகள் உட்பட, நடுக்கடலில் வெட்டிக் கொன்றார்கள். படகில் பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் அதைப் பற்றிக் கதைத்தார், அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பது என் விருப்பம்.

தீவில் இறங்கியதும் ஓட்டோக்காரர்கள் வருவார்கள். நாங்கள் பிடித்தவர் அறுபது வயது தாண்டிய ஒரு ஐயா, அங்கேயே பிறந்து வளர்ந்தவர். விலையை முன்கூட்டியே பேசிக்கொண்டோம், கடைசியில் ஒரு ரூபாயும் கூடக் கேட்கவில்லை. ஆனால் அவரை நான் மெச்சுவது விலைக்காக இல்லை, கல்வேலிகளைக் காட்டியதற்காக.

எங்கள் பக்கம் கிடுகு வேலியும் தகர வேலியும் மதிலும்தான். நெடுந்தீவில் ஒழுங்கை ஒழுங்கையாகப் பவளக்கல் வேலி. சீமெந்து இல்லை, சாந்து இல்லை, கல்லின் மேல் கல் அடுக்கி நெஞ்சளவுக்கு நிற்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் ஒரு கோலம், சிலதில் தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள், சிலதில் வளைந்து வளைந்து ஓடும் வரிகள். ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் உயிரோடு இருந்தவை. ஓரிடத்தில் விழுந்து கிடந்த கல் ஒன்றை ஐயா எடுத்தார், இப்படியும் அப்படியும் நாலைந்து தரம் திருப்பிப் பார்த்து இடைவெளி ஒன்றில் வைத்தார், அசையாமல் இருந்துவிட்டது. "சாந்து பூசினால் உறுதியாய் இருக்குமே ஐயா?" என்று கேட்டேன். "இல்லைத் தம்பி, இஞ்ச காத்து பொல்லாதது. காத்துக்கு ஓட்டை விட்டால்தான் வேலி நிக்கும்" என்றார். முதல் தடவை வானுக்குள் இருந்து இந்த வேலிகளை நான் கவனிக்கவேயில்லை.

கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிறது. அதுவும் பவளக்கல்தான், சுவர்கள் அவ்வளவு தடிப்பு, கூரை போய்விட்டது. போர்த்துக்கீசர் இந்தத் தீவைப் பசுத்தீவு என்ற பொருளில் அழைத்தார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களைத் தீவுகளுக்கு வைத்தார்கள். காரைநகர் ஆம்ஸ்டர்டாம், வேலணை லைடன், நயினாதீவு ஹார்லெம். அவையெல்லாம் மறைந்துபோக, டெல்ஃப்ட் என்ற பெயர் மட்டும் நெடுந்தீவோடு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்புறம் ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோலன் என்ற லெப்டினன்ட் இங்கே குதிரை வளர்த்தார். அந்த லாயத்தின் தூண்கள் தென்பக்கத்தில் இன்னும் நிற்கின்றன.

தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளுக்குக் கிட்டப் போகாதீர்கள். போன தடவை எங்களைக் கூட்டிப்போனவர் படத்துக்காக அவற்றை வானால் துரத்தினார், எனக்கு இன்றுவரை அது மனதை உறுத்துகிறது. வறட்சி காலத்தில் தண்ணீர் இல்லாமல் செத்துப்போகும் சீவன்கள் அவை, அவற்றை வீணாக ஓடவிடுவது பாவம். பின்னேரம் ஐந்து மணிக்கு மேல், பகல் பயணக்காரர் எல்லோரும் போன பிறகு, புல்வெளியில் அவற்றுக்குத் தூரமாக இருந்தோம். ஒரு குட்டி தாயின் பின்னால் ஒட்டிக்கொண்டு மேய்ந்தது. அரை மணித்தியாலம் நாங்கள் ஒன்றும் கதைக்கவில்லை. இதற்காகவே தங்கலாம்.

பெருக்க மரம் (பாவோபாப்) கட்டாயம் பாருங்கள். அராபிய வணிகர்கள் கொண்டுவந்தது என்று சொல்கிறார்கள். அடியில் உள்ள பொந்துக்குள் ஆள் நுழைந்து நிற்கலாம், வெளியில் வெயில் கொளுத்தும்போதும் உள்ளே குளிர்ச்சி. மரத்தில் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள், தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். வளர்ந்துகொண்டே போகிறது என்று ஊரார் நம்பும் வளரும் கல், புறா வளர்த்த பழைய புறாக்கூடு எல்லாம் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

தங்கியது ஒரு குடும்பம் நடத்தும் சின்ன இடம். குளிக்கிற தண்ணீர் உவர், சவர்க்காரம் நுரைக்காது, இரவில் ஒரு மணித்தியாலம் கரண்ட் இல்லை. அறை துப்புரவு. சாப்பாட்டைப் பற்றிக் குறையே சொல்ல மாட்டேன்: அன்று பிடித்த மீனில் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், முருங்கையிலை வறை, கடைசியில் கட்டித் தயிர். பசுத்தீவு என்ற பெயர் சும்மா வரவில்லை என்று அந்தத் தயிரைச் சாப்பிட்டபோது விளங்கியது. ஆனால் காலையிலேயே சொல்லி வைக்க வேண்டும், திடீரென்று போய்க் கேட்டால் கிடைக்காது.

மாரி மழை முடிந்து தை, மாசியில் போனால் தீவு பச்சையாக இருக்கும். நடு வருடத்தில் கடல் கொந்தளிக்கும், தலைசுற்றுக்காரர் யோசித்துப் போங்கள். குடிக்கத் தண்ணீரும் தொப்பியும் கொண்டுபோங்கள், பிளாஸ்டிக் போத்தலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்பதை இறங்குதுறையிலேயே கேட்டு வையுங்கள், காற்றுக் கூடினால் நேரம் மாறும். எங்களுக்கு அப்படித்தான் மாறியது. ஐயா விடிய ஆறு மணிக்கே வந்து கதவைத் தட்டி, "பிள்ளையள், இண்டைக்குப் படகு வெள்ளன வெளிக்கிடுது" என்று ஏற்றிக்கொண்டு போய் விட்டார்.