ஐந்து ரிங்கிட்டும் கூட வர ஆளும்

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இம்முறை மலேசியாவின் பினாங்குக்கு வந்ததே அத்தையின் கண்ணுக்காகத்தான். நிபோங் திபால் பக்கம், ரப்பர் பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகும் தோட்டத்து வீட்டை விட்டு நகராதவர். வலது கண்ணில் புரை முற்றி, போத்தலில் இருப்பது எண்ணெயா காடியா என்று முகர்ந்து பார்த்துச் சமைத்துக்கொண்டிருந்தார்.

அறுவையில் குறை சொல்ல எதுவுமில்லை. கண்ணை மரத்துப்போகச் செய்தார்கள், புரையை எடுத்து லென்ஸ் வைத்தார்கள், அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சொட்டு மருந்து விடும் முறையைத் தமிழிலேயே விளக்கிய தாதி, அத்தையைத் திருப்பிச் சொல்லவும் வைத்தார். அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்கக் குடிமக்களுக்கு 5 ரிங்கிட் கட்டணம். பெர்த்தில் அந்தக் காசுக்குக் காப்பி கிடைக்காது.

அலைச்சல்தான் ஆளைக் கொன்றது. கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம், நிபுணருடன் முதல் சந்திப்பு, இனிப்புநீர் (சர்க்கரை) கூடியிருந்ததால் ஒத்திவைப்பு, லென்ஸுக்காகக் கண்ணை அளக்க ஒரு நாள், அறுவை, அதன்பின் பரிசோதனைகள். ஒவ்வொன்றுக்கும் கிராப் வாடகைக் கார் பிடித்தால் அந்த 5 ரிங்கிட் தூசு. கூட வர ஆளும் வேண்டும். மகன் சிங்கப்பூரில், மருமகளுக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட். முன்பு கொடுத்த தேதியை அத்தை தவறவிட்டது அதனால்தான். “இவ்வளவு முற்றும்வரை என்ன செய்தீர்கள்?” என்று முகப்பில் ஒருவர் கடிந்துகொண்டபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் வேகத்தைத்தான் வியக்கிறார்கள். டாக்டர் வெங்கடசாமி பணி ஓய்வுக்குப் பிறகு, 1976இல், 11 படுக்கைகளுடன் தொடங்கியது. மருத்துவர் ஒரு மேசையில் முடிப்பதற்குள் அடுத்த மேசையில் நோயாளி தயாராக இருப்பார். அந்த ஆயத்தமெல்லாம் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்களின் வேலை. லென்ஸ் இறக்குமதி கட்டுப்படியாகாததால் 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கித் தாங்களே செய்தார்கள். பணம் கட்டுகிறவர்களின் கட்டணம் கட்ட முடியாதவர்களையும் தாங்குகிறது.

எல்லாம் சரி. ஆனால் அத்தையோடு அலைந்தபின் எனக்குப் பெரிதாகப் படுவது அவர்களின் பஸ்தான். அவர்கள் ஊர்களில் நடத்தும் கண் முகாமில் புரை என்று கண்டு, இலவச அறுவை என்று சொல்லியும் பலர் மருத்துவமனைக்கு வரவில்லை. விசாரித்தால், வழிச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லை, அழைத்துப்போக ஆளில்லை. உடனே அவற்றையும் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றிப்போய், சோறு போட்டு, அறுவை முடித்து ஊரில் கொண்டுவந்து விடுகிறார்கள். ஊர்க்காரர்கள் பத்துப் பேர் ஒன்றாகப் போனால் தனித் துணை எதற்கு?

மலேசியாவில் 2014இல் நடந்த தேசியக் கண் ஆய்வும், 50 வயதைக் கடந்தவர்களின் பார்வையிழப்புக்குக் கண்புரையே முதல் காரணம் என்றது. சுகாதார அமைச்சு பஸ்ஸில் நடமாடும் கண்புரை கிளினிக் தொடங்கியது நல்ல காரியம். அத்தையின் தோட்டத்தில் அதைக் கண்டவர் யாருமில்லை.

அங்கே கோயில் வேன் ஒன்று இருக்கிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஆள் ஏற்றிப் போகும்; மற்ற நாட்களில் பெரும்பாலும் கொட்டகையில் நிற்கும். மாதம் ஒரு நாள் கண் கிளினிக்குக்கு விடலாமே என்று நிர்வாகத்திடம் கேட்டேன். தலைவர் காப்புறுதிச் சிக்கலைச் சொல்லி இழுத்தார். செயலாளரோ, எந்தெந்த வீட்டில் புரையோடு இருக்கிறார்கள் என்று அங்கேயே ஒரு தாளில் எழுத ஆரம்பித்துவிட்டார். தலைவரின் மாமியார் பெயரும் அதில் வந்தது.